முதலில் நாற்காலி, அப்புறம் தொட்டி: கடலோர வீட்டின் பின்கட்டுத் தோட்டம்

தோட்டம் வைக்கலாம் என்று முடிவானதும் பெரும்பாலான வீடுகளில் நர்சரிக்குப் போய் இருபது தொட்டியைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிடுகிறார்கள். மதிலோரம் ஒரு வரிசை, படிக்கட்டில் ஒரு வரிசை, மிச்சமிருக்கும் மூலையில் நாலு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கதவருகே நின்று எட்டிப் பார்க்கத்தான் முடியும், ஒரு ஸ்டூல் போட இடம் இருக்காது. கடலூரிலும் புதுச்சேரியிலும் சமையலறைக் கதவுக்கும் மதிலுக்கும் நடுவில் இருக்கும் சிமெண்டுத் தரை பத்தடிக்குப் பதினைந்தடி தேறினால் அதிகம். அதிலேயே துணிக்கொடி, மோட்டார், பாத்திரம் விளக்கும் இடம் எல்லாம். அதனால் முதலில் நாற்காலிகளைப் போட்டு வீட்டில் உள்ளவர்களை உட்காரவைத்துப் பாருங்கள். அவர்கள் காலை நீட்டி உட்கார்ந்தது போக மீதி இருக்கும் இடம்தான் செடிக்கு.

அப்படி உட்காரும் இடம் சித்திரைக்கு ஒன்று, மார்கழிக்கு ஒன்று. நம்ம ஊரில் சித்திரை நடுவில் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே நிற்கும், மதிலுக்கு நிழலே விழாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால், தெற்குப் பக்கத்து 6 அடி மதில் உச்சி வேளையில்கூட 4 அடிக்கு மேல் நிழல் போடும். சித்திரையில் நல்ல வெயில் இருக்கிறதே என்று தெற்கு மதிலோரம் வைத்த தக்காளியும் அவரையும், காய்க்க வேண்டிய மார்கழியில் இருட்டில் நிற்பது இதனால்தான். காய்கறித் தொட்டிகளை வடக்கு மதிலோரம், தெற்கு பார்த்து வையுங்கள். தெற்கு மதிலோரம் மஞ்சள், இஞ்சி, பொன்னாங்கண்ணி, புதினா போதும். மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் கை வைத்துப் பாருங்கள், பொழுது சாய்ந்த பிறகும் சுடும். அதை ஒட்டித் தொட்டியும் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே அரை அடி இடைவெளி இருந்தால் காற்று ஓடும்.

எத்தனை தொட்டி வைக்கலாம் என்பதைத் தை மாதத்து ஆசையில் முடிவு செய்யக் கூடாது, சித்திரைக் கணக்கில் முடிவு செய்ய வேண்டும். 12 அங்குலத் தொட்டி ஒன்று கோடையில் நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் கேட்கும். 25 தொட்டி என்றால் 40, 50 லிட்டர், அதாவது நாலு பக்கெட். தினமும் அதைத் தூக்கப்போவது யார்? ஆபீஸ் போகிறவரா, முட்டி வலிக்கும் ஆயாவா? ஹோஸ் பைப் இருக்கிறது என்பார்கள். பைப்பில் அடிக்கும்போது முன்வரிசைத் தொட்டி வழியும், பின்வரிசையில் மேல்மண் மட்டும்தான் நனையும். பத்துப் பன்னிரண்டு தொட்டியைச் செழிப்பாக வைத்திருக்கும் வீடு, நாற்பது தொட்டியைக் காயவைக்கும் வீட்டைவிட அதிகம் பறிக்கும்.

தரையில் கவனிக்க வேண்டியது வாட்டம். பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு இருக்க வேண்டும், அதுவும் வீட்டுச் சுவரை விட்டு விலகி நானி ட்ராப் (தண்ணீர் வடிய ஜல்லடை மூடி போட்ட ஓட்டை) பக்கம் போக வேண்டும். பக்கெட் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தால் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். வழுவழுப்பான டைல்ஸ் மழைக்காலத்தில் பாசி பிடித்து ஆளைத் தள்ளிவிடும். சொரசொரப்பான சிமெண்டுப் பூச்சோ தரை ஓடோ போடுவது மேல். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்தால், கழுவிய தண்ணீர் தொட்டி ஓட்டை வழியாக ஏறி வேரைக் கெடுக்கும். கட்டைத் துடைப்பமும் கொஞ்சம் மணலும் போதும். ஒவ்வொரு தொட்டியையும் மூன்று அரைச் செங்கல் மேல் ஏற்றி வைத்தால் ஓட்டை அடைபடாது, அடியில் தண்ணீர் நிற்காது.

மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணலும் கழுவிய தென்னை நார்க்கழிவும் ஆளுக்கு அரைப் பங்கு. பத்து தொட்டிக் கலவைக்கு இரண்டு கிலோ வேப்பம் பிண்ணாக்கு சேர்க்கலாம். கடலூர்க்காரர்களுக்குக் கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண், புதுச்சேரிக்காரர்களுக்குக் கோரிமேடு, வானூர் பக்கத்துச் செம்மண் கிடைக்கும். பாகூர்ப் பக்கத்து வயல் களிமண்ணைத் தொட்டியில் போட்டால் காயும்போது பாளம் பாளமாக வெடித்துத் தொட்டிச் சுவரை விட்டு விலகும், ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக அப்படியே வெளியேறிவிடும். கடற்கரை மணலை ஒரு பிடிகூடச் சேர்க்காதீர்கள். நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு உண்டு. ஐந்து கிலோ கட்டியைத் தொட்டியில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி மூன்று முறை அலச வேண்டும். முதல் தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் வரும், மூன்றாவது வெளிறிவிடும்.

உப்பைப் பற்றித்தான் இந்த ஊர்களில் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. செடி வாடினால் எல்லோரும் பூச்சியைத் தேடுகிறார்கள், பாதி வீடுகளில் குற்றவாளி போர் தண்ணீர். இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக் கருகும், நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். மண் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூக்கும். மேல்மண்ணில் வெள்ளைப் படலம் தெரியும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி மதியம் துவளும். இந்த நாலில் இரண்டு தெரிந்தாலே உப்பு என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள், உரத்துக்குச் செலவழிப்பதைவிட அது லாபம். அளவு 450-க்குள் இருந்தால் கவலையில்லை. 450 முதல் 2000 வரை கவனமாக ஊற்றலாம். அதற்கு மேல் போனால் தொட்டிச் செடிக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. பீன்ஸ் முதலில் படுக்கும், மல்லிப்பூச் செடியும் ரொம்ப நாள் தாங்காது. அரளியும் காகிதப்பூவும் தாக்குப்பிடிக்கும். அரளியின் எல்லாப் பாகமும் விஷம் என்பதால் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதைத் தவிர்த்துவிடுவது நல்லது.

உப்புத் தண்ணீர்தான் கதி என்றால் மூன்று விஷயம். மண்ணை முழுசாகக் காயவிடாதீர்கள், ஈரம் குறையக் குறைய இருக்கும் ஈரத்தில் உப்பு ஏறும். இலை மேல் ஊற்றாதீர்கள். கோடையில் மாதம் ஒருமுறை தொட்டியைக் கழுவிவிடுங்கள்: 15 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு 30 லிட்டர் நல்ல தண்ணீரை நாலைந்து தவணையாக, ஒவ்வொன்றும் வடிந்த பிறகு அடுத்தது என்று ஊற்றினால் உப்பு கரைந்து அடியில் போய்விடும். கூடவே சத்தும் போகும் என்பதால் நாலு நாள் கழித்து இரண்டு கை மண்புழு உரம் வைக்க வேண்டும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிச் சிக்கனம் பிடிப்பவர்கள் உண்டு. அந்தத் தண்ணீரில் இருப்பது வடிகட்டிய உப்பெல்லாம்தான். அதைக் கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. கடலோர ஈரப்பதத்தில் இரவு முழுக்க ஓடினால் ஒரு பக்கெட் சேரும். போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் டிடிஎஸ் பாதியாகிவிடும்.

மழைத் தண்ணீரைப் பிடித்து வைப்பதும் சுலபம். பத்துக்குப் பத்தடிக் கூரையில் 5 செ.மீ. மழை பெய்தால் 460 லிட்டர். இரண்டு நீல ட்ரம் நிரம்பி வழியும். வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டிவிட வேண்டும். டெங்கு பரப்பும் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை வாரம் ஒருமுறை கொட்டினால் மட்டும் போதாது, முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். தட்டே வேண்டாம் என்பது நம் கட்சி.

இட்லிப்பூவும் மல்லியும் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. போர் தண்ணீரின் காரத்தன்மையால் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாமல் போகிறது. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கிடைக்கும். ஒரு லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வடிகட்டி, மாலையில் இலை நனையத் தெளிக்கலாம். பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை போதும். சிமெண்டுத் தரையில் சிந்தினால் துருக்கறை பிடிக்கும், போகவே போகாது.

ஆடி பிறந்தால் மேல்காற்று. வெயில் தணிந்ததே என்று தண்ணீரைக் குறைப்பார்கள். ஆனால் ஆடிக் காற்றில் தொட்டி காய்வது சித்திரைக்குக் குறையாது. மேல்மண் மேல் இரண்டு அங்குலத்துக்கு மல்லாட்டைத் தோல் (நிலக்கடலைத் தோல்) பரப்பினால் ஈரம் நிற்கும். பண்ருட்டிப் பக்கம் சாக்குச் சாக்காகக் கிடைக்கும் சரக்கு. சவுக்குச் சருகும் ஆகும். எறும்பு ஏறினால் தோலில் பருப்புத் துணுக்கு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம், சலித்துவிட்டுப் போடுங்கள்.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது தொட்டிக்கும் பொருந்தும், குறிப்பாக அவரைக்கு. நாட்டுக் கொடி அவரை பகல் குறுகும்போதுதான் பூவெடுக்கும். ஆடியில் போட்ட விதை ஐப்பசி, கார்த்திகையில் பூத்து மாசி வரை காய்க்கும். அதே விதையைத் தையில் போட்டால் கொடி பந்தல் முழுக்கப் படரும், ஒரு காய் இருக்காது. விதை மோசம் என்று கடைக்காரரோடு சண்டை போடுவதில் பயனில்லை. 18 அங்குலப் பையில் இரண்டு விதை போதும். பந்தலுக்குச் சவுக்குக் கழியே நல்லது. கடற்காற்றில் இரும்புக் கட்டுக்கம்பி சீக்கிரமே துருத்து அறுந்துவிடும், நைலான் கயிறு வெயிலில் நைந்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி நிற்கும். கத்தரிக்கும் இதுவே பட்டம். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பி.எல்.ஆர். ரகங்கள் இந்த மாவட்டத்து மண்ணுக்குப் பழகியவை. கத்தரியில் குருத்து மட்டும் தொங்கினால் உள்ளே புழு. தொங்கும் இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே கிள்ளி, பிளந்து பார்த்துப் புழுவை நசுக்குங்கள். குப்பைத் தொட்டியில் அப்படியே போட்டால் திரும்பி வரும்.

புரட்டாசியில் திறந்த முற்றத்தில் புதிதாக எதுவும் நடாதீர்கள் என்று சொன்னால் யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் அந்த மாதத்து வேலை வேறு: ஜல்லடை மூடியைக் கழற்றிச் சேறு எடுப்பது, தொட்டி ஓட்டையைக் கம்பியால் குத்திப் பார்ப்பது, மதில் மேல் வைத்த தொட்டிகளைக் கீழே இறக்குவது, வடகிழக்குப் பக்கம் திறந்த திண்ணையிலோ தாழ்வாரத்திலோ ஒரு படுதாவுக்குக் கொக்கி அடிப்பது. ஐப்பசி மழை நேராகப் பெய்யாது, வடகிழக்கிலிருந்து சாய்ந்து வரும். நாற்காலியை வீட்டுச் சுவரோரம் இழுத்துப் போட்டு, படுதாவைப் பாதி இறக்கினால், மழையைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கலாம். இந்த ஊரில் வருஷத்தின் சிறந்த உட்காரல் அதுதான் என்று வாதிடத் தயார்.

மழை எவ்வளவு வரும் என்பதற்கு 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. பத்துக்குப் பதினைந்தடி முற்றத்தில் அது ஆறாயிரம் லிட்டருக்கு மேல், ஒரு டேங்கர் லாரித் தண்ணீர். மாடித் தண்ணீரும் அதே இடத்தில் இறங்கினால் கணக்கு எங்கேயோ போய்விடும். இரண்டங்குலக் குழாயால் அதைச் சமாளிக்க முடியாது. நாலங்குலக் குழாய் வேண்டும், மாடிக் குழாயைத் தனியாகத் தெருப் பக்கம் திருப்ப வேண்டும். ஒரு காய்ந்த வாழை இலை போதும், ஜல்லடையை மூடி வீட்டுக்குள் தண்ணீரைத் திருப்பிவிடும்.

கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் பின்கட்டு வேலையைத் தொடங்கிவிடுங்கள், காற்று பிடித்த பிறகு ஏணி ஏறுவது ஆபத்து. முதலில் நிழல்வலையை அவிழ்க்க வேண்டும். அது காற்றில் பாயாகி, கழியையும் மதிலின் மேல்கல்லையும் சேர்த்துப் பெயர்க்கும். கட்டும்போதே ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட்டால் இந்த நேரம் உதவும். அடுத்து தொங்கும் தொட்டிகள். மூன்றடிக்கு மேல் உயர்ந்த செடிகளை நிறுத்தி வைத்துக் கயிறு கட்டாதீர்கள். தொட்டியோடு படுக்கவைத்து, தலை சுவர்ப் பக்கம் இருக்கும்படி ஒன்றோடொன்று நெருக்கி, இரண்டு பக்கமும் செங்கல் அண்டை கொடுங்கள். பந்தல் அவரையில் பாதிக் கொடியை வெட்டிவிடுங்கள். மனசு வராது, ஆனால் முழுப் பந்தலும் விழுந்தால் மொத்தமும் போகும். பெஞ்ச், ஸ்டூல், சைக்கிள், பூச்சட்டி, எது பறக்குமோ அதெல்லாம் உள்ளே.

காற்று ஓய்ந்ததும் முதல் வேலை நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவுவது. தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போலக் கடலை ஒட்டிய தெருக்களில் காற்றோடு வந்த உப்பு இலையில் படிந்திருக்கும், மழை சட்டென்று விட்டு வெயில் அடித்தால் கருக்கிவிடும். செடியை நிமிர்த்தி, அசைந்த வேரைச் சுற்றி மண்ணை அழுத்தி, முறிந்த கிளையைச் சாய்வாக நறுக்கிவிடுங்கள். வேர் அழுகல் வராமல் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி 10 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வேரில் ஊற்றலாம். பத்து நாள் உரமே கூடாது. வேர் மூச்சுவிடத் திணறும் நேரத்தில் வைக்கும் பிண்ணாக்கு அங்கேயே புளித்து நாறும்.

மழை விட்ட இரவுகளில் நத்தை வரும். ராட்சத நத்தை ஒன்று ஒரே இரவில் கீரைத் தட்டை மொட்டையடித்துவிடும். டார்ச்சோடு போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு இது பிடித்த வேலை, ஆனால் கையுறை இல்லாமல் தொட விடாதீர்கள், நத்தையின் கோழை வழியாகக் கிருமி தொற்றும். ரயில்பூச்சி மக்கிய சருகைத்தான் தின்னும், விட்டுவிடலாம். அடுக்கிய செங்கல்லைத் தூக்கும்போது மட்டும் குச்சியால் தட்டிவிட்டுத் தூக்குங்கள், தேள் இருக்கும் காலம்.

மார்கழியில் மழை முடிந்துவிட்டது என்று நினைப்பது வழக்கம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியது 2011 டிசம்பர் 30-இல், அதாவது மார்கழி நடுவில். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த புயல் அது. நிழல்வலையைப் பொங்கல் கழித்து ஏற்றினால் போதும், இந்த மாதங்களில் வெயில் செடிக்கு வேண்டும்.

தக்காளிக்கு இதுதான் காலம். இரவு வெப்பம் 25 டிகிரிக்கு மேல் போனால் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் உதிரும். நம்ம ஊரில் இரவு குளிர்வது கார்த்திகை முதல் மாசி வரைதான், அந்த நேரத்தில் பூ இருக்கும்படி கணக்குப் பண்ண வேண்டும். நாற்றுக்கு 25 நாள், நட்ட பின் பூவுக்கு 30 முதல் 40 நாள். ஆக, புரட்டாசிக் கடைசியில் விதையைத் தாழ்வாரத்துக்குள் நனையாத இடத்தில் போட்டு, ஐப்பசிக் கடைசியில் நட்டால் மார்கழியில் பூ, தையில் பழம். காயின் அடியில் கறுப்பு வட்டம் விழுந்து அழுகினால் அது பூச்சியில்லை. ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளமாக்கும் பாசனத்தில் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. தினம் ஒரே அளவாக ஊற்றுங்கள்.

அவரைப் பூவில் கறுப்பாக அசுவினி அப்பும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டரில் 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி காதி சோப்புக் கரைசல், மாலை ஐந்து மணிக்கு மேல். காலை வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும்.

சித்திரைக் கடைசியில் நிழல் பக்கத்துப் பையில் இரண்டு மஞ்சள் கிழங்கை இரண்டு அங்குல ஆழத்தில் வைத்திருந்தால், பொங்கல் பானையில் கட்ட இலையோடு கூடிய மஞ்சள் கொத்து வீட்டிலேயே தயார். போகிக்கு முன்பு பிடுங்க வேண்டாம், தண்ணீரை மட்டும் குறைத்துவிட்டுப் பொங்கலன்று காலையில் எடுத்தால் இலை பச்சையாக நிற்கும். அன்றைய காய்கறிக் குழம்புக்கு அவரையும் கத்தரியும் பின்கட்டிலிருந்தே வரும். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குக் கிளம்பும்முன் வந்திருக்கும் சொந்தக்காரர்களை உட்காரவைக்க இதைவிட நல்ல இடம் வீட்டில் இருக்காது. காலை எட்டு மணி வெயில் உடம்புக்கு இதமாக இருக்கும் ஒரே பருவம். நாற்காலியை நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்த்துங்கள்.

மல்லிக்குக் கவாத்து கார்த்திகைக் கடைசியில். பலர் நுனியை மட்டும் கிள்ளிவிட்டு நிறுத்திவிடுவார்கள், அதனால்தான் பூ குறைகிறது. செடி முழுவதையும் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு வெட்ட வேண்டும். காய்ந்த குச்சி, உள்நோக்கிப் போகும் கிளை, பென்சிலைவிட மெலிந்த வாது எல்லாம் போகட்டும். மிச்சமுள்ள இலைகளையும் உருவிவிடலாம். வெட்டிய பின் மேல்மண்ணை இரண்டங்குலம் கிளறி, மூன்று கை மக்கிய எருவும் 50 கிராம் கடலைப் பிண்ணாக்கும் சேர்த்து மூட வேண்டும். செடி குச்சியாக நிற்கும், வீட்டில் திட்டு விழும். தையில் செந்நிறத் துளிர், பங்குனியில் மொட்டு. தினம் ஐந்து மணி நேர வெயில் இல்லாத மூலையில் இந்த வைத்தியம் எதுவும் செல்லாது.

மாலை நாலு மணிக்கு மல்லிச் செடியருகே போனால் இன்றைய மொட்டு எது, நாளைய மொட்டு எது என்று தெரியும். இன்றையது முழு வெள்ளை, அடி உருண்டு, காம்பு நீண்டு, தொட்டால் தானே கழன்று வரும். நாளையது பச்சை கலந்த வெள்ளை, இழுத்தால் காம்போடு கிளையும் வளையும், விட்டுவிட வேண்டும். நாலு மணிக்குப் பறித்து ஈரத் துணியில் வைத்து ஆயா கட்டி முடிக்க ஆறு, விளக்கேற்றும்போது பூ விரியத் தொடங்கும். மொட்டு ஊதா நிறமாக மாறி ஓட்டை தெரிந்தால் மொட்டுப்புழு, அவற்றை மட்டும் தனியே பறித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

மாசி, பங்குனியில் வெண்டை. விதையை இரவு ஊறவைத்து நேராகத் தொட்டியில் ஊன்றுங்கள், ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்றுப் பிடுங்கி நட்டால் குன்றிவிடும். 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி. 45 நாளில் முதல் காய். அதற்குமேல் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும், நுனி "டக்" என்று ஒடியாத காய் குழம்புக்கு ஆகாது. பறிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம், சுணை அரிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டையோடு. பிள்ளைகளுக்கென்று தனித் தொட்டி கொடுத்தால் சிறுகீரையோ வெந்தயக் கீரையோ கொடுங்கள். மூன்று நாலு நாளில் முளைத்துவிடும், ஒரு மாதத்தில் பறித்துவிடலாம். ஆறு மாதம் காத்திருக்கும் பொறுமையை ஆறு வயசிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உரத்துக்கு இந்தக் கடற்கரையில் மீன் கழிவைவிட மலிவானது இல்லை. உப்பு படாத தலை, குடல் ஒரு கிலோ, நாட்டுவெல்லம் ஒரு கிலோ, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால் அளவுக்கு மேல் போகாமல். நிழலில் 40 நாள். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும், இல்லையென்றால் வெடித்துத் தாழ்வாரமே நாறும். பழம் புளித்த வாசனை வந்தால் சரி, அழுகல் நாற்றம் வந்தால் வெல்லம் போதவில்லை. வடிகட்டி, லிட்டருக்கு 5 மில்லி இலையில் தெளிக்க, 10 மில்லி வேரில் ஊற்ற. கீரைக்கு வேண்டாம், வாடை ஏறும். ஊற்றிய அன்று பூனை வந்து தொட்டியைத் தோண்டும், மேலே முள் குச்சி செருகிவையுங்கள். கருவாட்டுத் தூளில் உப்பு என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வரும். மேல்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அது தாமதமாகும், அன்றுதான் அனல் தாங்காது. கிழக்குப் பக்கத்தைத் தொட்டி அடுக்கி மறைத்துவிட்டு மின்விசிறி வாங்குவது அநியாயம். செடிகளுக்கு 50 சதவீத நிழல்வலை, உட்காரும் மூலைக்கு 75 சதவீதம், எட்டடிக்குக் குறையாத உயரத்தில். தாழக் கட்டினால் வலைக்கடியில் சூடு தங்கும். கறுப்புப் பைகளை ஈரக் கோணிச் சாக்கால் சுற்றுங்கள், வெயில் படும் பக்கம் வேர் வெந்துபோகும். வில்லியனூர்ச் சுடுமண் தொட்டிகள் சூட்டை ஆவியாக வெளியே விடும், ஆனால் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும். கடப்பாக் கல் பெஞ்ச் பார்க்க அழகு, மே மாதம் ஏழு மணி வரை உட்கார முடியாது. சாயங்காலக் கொசுவுக்கு ஸ்டாண்ட் ஃபேனைக் கால் உயரத்துக்குத் திருப்பி வைத்தாலே பெரும்பாலும் தீரும், அது பலவீனமாகப் பறக்கும் பூச்சி.

கோடை லீவில் நாலைந்து நாள் வெளியூர் போவதென்றால் தொட்டிகளை எல்லாம் வடக்குத் தாழ்வார நிழலுக்குள் நகர்த்தி இடைவெளியில்லாமல் நெருக்கி வையுங்கள். போகும் அன்று காலை இரண்டு முறை, ஒரு மணி நேர இடைவெளியில் ஊற்றி, மல்லாட்டைத் தோலை மூன்று அங்குலமாக்குங்கள். நடுவில் ஒரு பக்கெட் தண்ணீரை உயரமாக ஸ்டூல் மேல் வைத்து, பருத்தி வேட்டியைத் திரியாகக் கிழித்து, ஒரு முனை பக்கெட்டின் அடியிலும் மறுமுனை தொட்டி மண்ணில் மூன்றங்குல ஆழத்திலும் இருக்கட்டும்.  பக்கெட்டின் வாயைத் துணியால் மூடிக் கட்ட மறக்க வேண்டாம். போவதற்கு இரண்டு நாள் முன்பே வைத்துப் பாருங்கள், எந்தத் திரி வேகமாக ஓடுகிறது என்று தெரியும், அதை மெல்லியதாக்கிக்கொள்ளலாம். திரும்பி வந்து வாடிய செடியைப் பார்த்ததும் உரம் வைக்காதீர்கள். ஊறும்வரை தண்ணீர், மூன்று நாள் அதே நிழல், அதன் பிறகு காலை வெயில் மட்டும் ஒரு வாரம்.